கேட்காமல் கொடுப்பவள்

காலேப் காதைத் தேய்த்தால் தூக்கம் வருகிறது. சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றால் மின்விசிறியின் சத்தம் பிடிக்கவில்லை. காந்திமதியின் முந்தானையை இழுத்தால் தண்ணீர். முந்தானையை வாயில் வைத்துக் கடித்தால் பசி. இழுக்கவும் செய்யாமல் கடிக்கவும் செய்யாமல் சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் எதுவும் வேண்டாம், நீ இங்கேயே இரு என்று பொருள்.

இதெல்லாம் காந்திமதிக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவனும் சொன்னதில்லை. மூன்று வயது நெருங்கியும் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பழைய பெருங்களத்தூரில் ஜெயவேலு வீட்டின் கீழ்த்தளத்தில் அந்த மழலையர் பள்ளி இருந்தது. நடத்துபவள் அவருடைய மருமகள் ஜெயஸ்ரீ. சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம் அவள் ஒன்றைத் தவறாமல் சொல்வாள்.

“இங்கயே கொஞ்ச நேரம் நில்லுங்க சார். அழுகைச் சத்தம் கேக்குதான்னு பாருங்க.”

கேட்காது. பள்ளியின் பெருமையே அதுதான். அதற்குக் காரணம் ஆயா காந்திமதி என்பது ஜெயஸ்ரீக்கும் தெரியும். எந்தக் குழந்தைக்கு எப்போது மூக்கு ஒழுகும், எவனுக்கு எந்த நேரத்தில் சிறுநீர் வரும், எவளுக்குத் தயிர்சாதத்தில் கடுகு இருந்தால் ஆகாது என்பதையெல்லாம் அவள் முன்கூட்டியே அறிந்து வைத்திருந்தாள். குழந்தையின் கை நீளுவதற்கு முன் பொருள் அங்கே இருக்கும்.

“கேட்டு வாங்கினா அது பிச்சை,” என்பாள். “புள்ள வாயத் தொறக்கறதுக்குள்ள கையில இருக்கணும். அதுதான் வளர்ப்பு.”

காலேப்பின் அம்மா கிறிஸ்டினா சிறுசேரியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். அப்பா ஜோஷ்வா கத்தாரில். காலையில் கம்பெனி வண்டி வருவதற்கு முன் கிறிஸ்டினா பையனைக் கொண்டுவந்து விடுவாள். இருட்டும் நேரத்தில் வந்து அழைத்துப் போவாள். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அவன் காந்திமதியின் இடுப்பில் கழித்தான். சறுக்குமரத்துக்கு மற்றப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, அவனை மட்டும் தூக்கி நேராக மேலே உட்கார வைப்பாள். பாவம், அவனால் கேட்க முடியாதல்லவா.

வேன் ஓட்டுகிற சிட்டிபாபு கேட்டான்: “இன்னா ஆயாம்மா, ஒம் புள்ள வாயத் தொறந்தானா?”

“தொறப்பான். நீ ஒன் வாய மூடு.”

“பேசாத புள்ளய வளக்கறது லேசு. எங்க வூட்ல ஒன்னு கீது, வாய மூடுனா தெருவுக்கே புண்ணியம்.”

“ஒன் பொண்ணா?”

“எம் பொண்டாட்டி.”

அவள் சிரித்தாள். காலேப்பும் சிரித்தான். அவனுக்கு எல்லாம் புரிகிறது, பேச்சு தானாக வரும் என்று அவள் நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கிறிஸ்டினா. திரையில் காலேப் தரையில் கிடந்து தலையை மோதிக்கொண்டிருந்தான்.

“அக்கா, சர்ச்சுக்குக் கெளம்பினதுலேர்ந்து இப்படித்தான். என்ன வேணும்னே தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா.”

“நல்லா காட்டும்மா. காலாண்ட காட்டு. ஆங்... அந்த சாக்ஸக் கயட்டு.”

“சாக்ஸா?”

“கயட்டும்மா. உள்ளாற தையல் உறுத்துது பாரு.”

அழுகை நின்றது. மீன்காரி கத்தியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். “போன்லயே வைத்தியமா? ஃபீஸு எவ்ளோ?”

காந்திமதிக்கு அன்று முழுவதும் மனசு நிறைந்திருந்தது. திரையில் கிறிஸ்டினா சிரிக்கவில்லை என்பது அப்போது அவள் கண்ணில் படவில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அழைப்பு வழக்கமாகிவிட்டது. ஒருமுறை கிறிஸ்டினா மெல்லக் கேட்டாள்.

“நான் அவன் அம்மாக்கா. எனக்கு ஏன் புரிய மாட்டேங்குது?”

“நீ வேலைக்குப் போறவ. அதெல்லாம் மனசுல வெச்சிக்காத. நான் கீறேன் இல்ல?”

பள்ளிக்குப் பேச்சுப் பயிற்சி தரும் மேடம் ஒருத்தி வந்தாள். கிறிஸ்டினா தாம்பரத்தில் பார்த்துப் பேசி அனுப்பியிருந்தாள். ஒரு காலைப்பொழுது முழுவதும் பாயில் உட்கார்ந்து காலேப்பைப் பார்ப்பதாக ஏற்பாடு. பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சோதிக்க வந்திருக்கிறார்கள் என்று காந்திமதி எடுத்துக்கொண்டாள். சலவை செய்த புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அன்று அவள் ஒன்றும் தவறவிடவில்லை. அவன் பந்தைப் பார்த்தான், பந்து வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பினான், மின்விசிறி நின்றது. முந்தானைக்கு அவன் கை வருவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. மேடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் தூங்கியதும் மேடம் கேட்டாள். “காலையிலேர்ந்து அவன் ஒரு தடவகூட எதையும் கேக்கல. கவனிச்சீங்களா?”

“கேக்க வுட மாட்டேன் மேடம்,” என்றாள் காந்திமதி.

ஜெயஸ்ரீ தலை குனிந்துகொண்டாள். அவளுக்கு முதலில் புரிந்துவிட்டது.

மேடம் கடுமையாகப் பேசவில்லை. “காது நல்லா கேக்குது. புத்தியும் நல்லாருக்கு. பேச்சு லேட் ஆறதுக்குப் பல காரணம் இருக்கும், நான் உங்களச் சொல்லல. ஆனா இங்க அவனுக்குப் பேச வேண்டிய அவசியமே வரலம்மா. இனிமே நீங்க கொஞ்சம் காத்திருக்கணும். அவன் இழுத்தா, காட்டினா, புரியலைன்னு சொல்லணும்.”

“தண்ணி வோணும்னு நிக்கற புள்ளைக்குக் குடுக்காத நிக்கச் சொல்றீங்களா? எந்த ஊரு நாயம் மேடம் இது?”

“தண்ணி குடுக்காம விட வேணாம். கொஞ்ச நேரம் பாத்துட்டு மிஸ் குடுக்கட்டும். நீங்க குடுக்காதீங்க. அழுதாலும் போகாதீங்க. அதுவே அவன் ஒரு வார்த்த சொன்னா, அரைகுறையா சொன்னாக்கூட, சொன்னது உடனே நடக்கணும். சொல்லுக்குப் பலன் இருக்குன்னு அவனுக்குத் தெரியணும்.”

“மத்தவங்க அப்படி இருக்கட்டும். நான் ஒருத்தி மட்டும்...”

“மத்தவங்களுக்கு நெஜமாவே புரியலம்மா. நீங்க ஒருத்தர்தான் நடிக்கணும்.”

காந்திமதி முடியாது என்றாள். வேண்டுமானால் வேலையை விட்டு நிறுத்திவிடச் சொன்னாள். ஜெயஸ்ரீ சமாதானம் பேசினாள், கேட்கவில்லை. அன்று மாலை காலேப் தன் தோளில் தூங்கிக்கொண்டிருக்க, வாசலில் நின்று கிறிஸ்டினா கேட்டாள்.

“நாளைக்கு உங்களுக்கு ஒடம்பு முடியல, இல்ல நாங்க வேற ஊருக்குப் போயிட்டோம்னா, இவன் யார்கிட்டக்கா சொல்லுவான்?”

காந்திமதி செருப்பை மாட்டிக்கொண்டாள். வீட்டுக்கு நடந்தாள். தண்டவாளத்தின் மேல் போகும் நடைமேம்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள். கீழே செங்கல்பட்டு வண்டி போயிற்று. அது போன பிறகும் நின்றாள்.

அவளுக்கு ரத்தினம் என்று ஒரு தம்பி இருந்தான். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. கேளம்பாக்கத்தில் அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். ரத்தினத்தைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவன் கையசைப்பு ஒவ்வொன்றும் அவளுக்கு வார்த்தை. காது கேளாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே கைமொழி கற்றுத் தருவார்கள், சேர்த்துவிடுங்கள் என்று ஒரு டீச்சர் வீடு தேடி வந்து சொன்னார். அப்பா சிரித்தார். “எதுக்கு டீச்சர்? எங்க காந்தி இருக்கா இல்ல.” அப்பா அப்படிச் சொன்னதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. வீட்டில் வேறு யாரும் அவனுடைய கைகளைப் பார்க்கப் பழகவில்லை. பழகத் தேவை இருக்கவில்லை.

அவளுக்குக் கல்யாணமாயிற்று. அப்பாதுரையுடன் பெருங்களத்தூருக்கு வந்தாள். மறு வருஷம் ஆடியில் ரத்தினம் செத்துப்போனான். குடல்வால் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் வந்திருக்கிறான். மறுபடி வந்திருக்கிறான். அவர்கள் சோறு போட்டிருக்கிறார்கள். அவன் தட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பவும் வயிற்றைக் காட்டியிருக்கிறான். குழம்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா முட்டை பொரித்துப் போட்டிருக்கிறாள்.

“பசிக்குதுன்னு நெனச்சோம் காந்தி,” என்றார் அப்பா. “பசிக்குதுன்னுதான் நெனச்சோம்.”

பசி என்றால் ரத்தினம் வயிற்றைத் தட்டுவான். பிடிக்க மாட்டான். அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்பாவிடம் அதை அவள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

மறுநாள் காலை அவள் ஜெயஸ்ரீயிடம் போனாள். “அந்த மேடம் சொன்னத செய்யறேன் மிஸ்ஸு. தண்ணி மட்டும் லேட்டு பண்ணாத குடுத்துடு.”

பாய்களை விரித்துக்கொண்டிருக்கும்போது முந்தானை இழுபட்டது. அவள் விரித்துக்கொண்டே போனாள். மறுபடி இழுத்தான். நிமிர்ந்தாள்.

“இன்னா கண்ணு? ஆயாவுக்குப் புரியல.”

அந்த வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். வாயிலிருந்து வந்தது வேறு யாரோ பேசுவது போலிருந்தது.

காலேப் சுற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்தான். இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். அவனுக்குக் கோபம் வரவில்லை. ஆயாம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்க்கிறவன் போலப் பார்த்தான். பிறகு முந்தானையை மெதுவாக இழுத்துக் காட்டினான். தன் வாயைத் தொட்டான். தண்ணீர்க் குடத்தைக் காட்டினான். திரும்பவும் முந்தானை, வாய், குடம். இன்னும் மெதுவாக. மறந்துபோன ஒருத்திக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்.

“புரியலியே கண்ணு.”

ஜெயஸ்ரீ டம்ளரோடு வந்தாள். அவன் குடித்தான். டம்ளர் விளிம்புக்கு மேலே அவன் கண்கள் காந்திமதியின் மேலேயே இருந்தன.

அந்த வகுப்பில் வாய் ஓயாதவன் ஸ்ரீவத்சன். அவன் ஓடிவந்தான். “ஆயாம்மா, அவனுக்குத் தண்ணி வேணும்னு உனக்குத் தெரியலையா? எனக்கே தெரியுது. நீ மக்கு ஆயாம்மா!”

“ஆமாண்டா ராஜா. மக்குதான்.”

பிறகு வந்த நாட்களில் காலேப் எல்லா வழியையும் முயன்று பார்த்தான். காந்திமதி காதில் ஊதினான். கையைக் கடித்தான். அவள் காலடியில் படுத்து அழுதான். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் கோதுமை மாவு பிசைந்தாள், மேஜை துடைத்தாள், துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். ராத்திரி சோற்றில் கை வைத்தால் அவன் பல் பட்ட இடம் எரிந்தது. “இன்னாடி கையில?” என்றான் அப்பாதுரை. “நாய்க்குட்டி கடிச்சிடுச்சி,” என்றாள். ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னான்.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் மற்றவர்களிடம் போகத் தொடங்கினான். ஸ்ரீவத்சனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஸ்ரீவத்சன் முதல் முறை அவனைத் தள்ளிவிட்டான். மறுமுறை, “என்னடா? பந்தா? பந்துன்னு சொல்லு,” என்று அதட்டினான். காலேப் ஒரு சத்தம் எழுப்பினான். பந்து கிடைத்தது. சறுக்குமரத்துக்கு வரிசையில், ஸ்ரீவத்சனுக்குப் பின்னால், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். முறை வரும் வரைக்கும் நின்றான். ஏறிச் சறுக்கி வந்து மறுபடியும் கடைசியில் போய் நின்றான். காந்திமதி சமையலறைக் கதவோரம் நின்று அதைப் பார்த்தாள். நிற்கத் தெரியாது என்றுதானே இத்தனை நாளும் தூக்கி வைத்தோம் என்று நினைத்தாள்.

ஜெயஸ்ரீ மேடத்திடம் போனில் சொன்னபோது, “ரொம்ப நல்ல மாற்றம், விடாதீங்க,” என்றாளாம்.

மத்தியானம் தூங்க வைக்கும் நேரத்தில் அவன் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்து, தன் தலையணையை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான். அவள் முந்தானையை மடியில் சுருட்டிவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா ஆயாம்மா, ஒம் புள்ள மூஞ்சியத் திருப்பிக்கினு போறான்?” என்றான் சிட்டிபாபு. “சொத்துத் தகராறா?”

“ஆமா, ஒன்னாண்டதான் பஞ்சாயத்து வெக்கப் போறோம். வண்டிய எடுய்யா.”

வேன் போன பிறகு கேட்டைச் சாத்த அவளுக்கு நேரம் பிடித்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். காலேப்பின் கையிலிருந்த பழத்தின் தோல் கீழ்வரைக்கும் கிழிந்து பழம் விழப்போயிற்று. காந்திமதி யோசிக்கவில்லை. பழைய பழக்கத்தில் குனிந்து கையை நீட்டிவிட்டாள்.

அவன் பழத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்தான்.

“போ,” என்றான்.

சத்தமாக இல்லை. ஆனால் தெளிவாக இருந்தது.

முதலில் கத்தியவன் ஸ்ரீவத்சன். “மிஸ்! காலேப் பேசிட்டான் மிஸ்! போன்னு சொல்லிட்டான்!” பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள். ஜெயஸ்ரீ மாடிப்படியிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தாள். அவனைத் தூக்கிச் சுற்றினாள். அப்போதே கிறிஸ்டினாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“பேசிட்டான் கிறிஸ்டினா! கிளியரா சொன்னான்!”

மறுமுனையில் அழுகிற சத்தம். பிறகு, “என்ன வார்த்த மிஸ்?”

ஜெயஸ்ரீ ஒரு கணம் தயங்கினாள். “போ-ன்னு சொன்னான்.”

“யாரை?”

ஜெயஸ்ரீ காந்திமதியைப் பார்த்தாள். காந்திமதி பக்கத்தில் வந்து போனருகே குனிந்தாள். “என்னத்தான் சொன்னான்மா. அழாத. வாய் தொறந்துட்டான் இல்ல, இனிமே ஒன்னொன்னா வந்துடும்.”

“அக்கா...”

“ஆபீஸ்ல நாலு பேரு பாப்பாங்க. கண்ணத் தொடச்சிக்கோ.”

கிறிஸ்டினா ஒன்று கேட்டாள். ஜோஷ்வாவுக்கு அனுப்ப வேண்டும், இன்னொரு தடவை சொன்னால் வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா?

ஜெயஸ்ரீ கைப்பேசியைத் திருப்பிப் பிடித்தாள். “காந்திமதி, முன்ன மாதிரியே கிட்ட போங்க. கைய நீட்டுங்க. கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க, வீடியோல நீங்களும் தெரியறீங்க.”

காந்திமதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சிரித்த முகமாகக் கிட்டே போனாள். கையை நீட்டினாள்.

“போ,” என்றான் காலேப். இந்த முறை கையையும் ஆட்டினான்.

“சூப்பர்!” என்றாள் ஜெயஸ்ரீ. “இப்ப போங்க, போங்க. சொன்னது உடனே நடக்கணும்னு மேடம் சொன்னாங்க இல்ல.”

அவள் போனாள். கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, பின்வாசலில் பாத்திரம் துலக்கும் இடத்துக்கு வந்தாள். மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. பிள்ளைகளின் தட்டுகள் குவிந்து கிடந்தன. கதவை ஒருக்களித்துவிட்டுக் குழாயடியில் குந்தினாள்.

உள்ளே எல்லாரும் கத்திச் சிரிக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு காலேப்பின் குரல் தனியாகக் கேட்டது. “போ.” அங்கே யாரும் போவதற்கு இல்லை. “போ,” என்றான் மறுபடியும்.

“போயிட்டாங்க கண்ணு,” என்றாள் ஜெயஸ்ரீ. “நீ சொன்ன, ஆயாம்மா போயிட்டாங்க. குட் பாய்.”

பிறகு அவன் அழத் தொடங்கினான்.

“என்னாச்சு? தண்ணியா? பழம் வேணுமா? ஸ்ரீவத்சன், அவன் பந்த எடுத்தியா?”

“நான் எடுக்கல மிஸ்.”

“ஃபேன் போடவா? ஃபேனா?”

தண்ணீர் இல்லை. பழம் இல்லை. மின்விசிறியும் இல்லை. அது எந்த அழுகை என்று காந்திமதிக்குத் தெரியும். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கதவு வரைக்கும் வந்தாள். ஒருக்களித்த இடைவெளியில் அவன் தெரிந்தான். அவள் போன வழியைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் காற்றில் மூடி மூடித் திறந்துகொண்டு நின்றான். பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

வா என்று ஒரு சொல் இருக்கிறது. அது அவனிடம் இன்னும் வரவில்லை.

காந்திமதி கதவுக்குப் பின்னால், ஈரக் கையோடு, அவன் அதைச் சொல்வதற்காக நின்றாள்.